மைக்கைத் தூக்கிக்கொண்டு கடலோரத்தில் ஐந்து நாள்

ஜூலை 20, 2025, ஞாயிறு: கீழக்கரை வழியாக மண்டபம்

என் அக்கா மகள் கனடாவில் மான்ட்ரியல் நகரத்தில் படிக்கிறாள். என்ன படிப்பு என்று யாராவது கேட்டால் அக்கா ‘கம்ப்யூட்டர்’ என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். உண்மையில் அவள் படிப்பது எலக்ட்ரோஅகூஸ்டிக் இசை. அதில் ராகம் தாளம் கிடையாது. கதவு கிறீச்சிடுவது, தண்ணீர் சொட்டுவது, ரயில் போவது என்று எந்தச் சத்தத்தையும் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, இழுத்து, சுருக்கி, அதையே ஓர் இசையாக்குவது. இதற்கென்று அவளுடைய பல்கலைக்கழகத்தில் தனி ஸ்டுடியோ இருக்கிறது. அங்கிருந்து அவளும், அவளுக்குப் பாடம் எடுக்கும் பேராசிரியர் அம்மாவும், கூடப் படிக்கும் ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒரு பையனும் நம் கடற்கரையில் ஒலி சேகரிக்க வந்தார்கள். வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், மூட்டை தூக்கி மூன்றும் நான்.

என் அப்பா பரமக்குடியில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். அதை வைத்து ‘எங்க மாமாவுக்கு சவுண்ட் தெரியும்’ என்று அக்கா மகள் அங்கே பெருமையடித்து வைத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்த சவுண்ட் எல்லாம் கூம்புக் குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் எத்தனை தெருவுக்குக் கேட்கும் என்பதுதான். இவர்கள் வந்ததோ சின்னச் சத்தங்களைத் தேடி. அதுவும் ஆடி மாதத்தில், அமாவாசை வாரத்தில், கச்சான் காற்று அடிக்கும் நேரத்தில். டிக்கெட் போட்டது அவர்கள் விடுமுறையைப் பார்த்து. காலண்டரைப் பார்த்திருக்க வேண்டியவன் நான். பார்க்கவில்லை.

மதுரையில் ஆறு மணிக்குக் கிளம்பி ராமநாதபுரம் தாண்டும்போது அக்கா போன் செய்து கீழக்கரைத் துதல் வாங்கி வரச் சொன்னார். சரி என்று வண்டியைத் திருப்பினோம். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டி இறக்கும் கறுப்புப் பண்டம் அது. அல்வாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் நல்ல மனிதர். ‘பின்கட்டுல கிண்டிக்கிட்டுத்தான் இருக்காங்க, வந்து பாருங்க’ என்றார்.

பையன் அடுப்பைப் பார்த்ததும் பையைப் பிரித்தான். மைக்கின் மேல் காற்றுக்குத் தடுப்பாகச் சாம்பல் நிறத்தில் ரோம உறை ஒன்று. அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை ‘ஏ, பூனை!’ என்று கத்திக்கொண்டு ஓடி வந்து தடவிப் பார்த்தது. அடுத்த ஐந்து நாளும் எங்களுக்குள் அதற்குப் பூனை என்றே பெயர்.

துதல் இறுகும் பதத்தில் கொப்புளம் மெதுவாக உப்பி, உடைய மனமில்லாமல் உடையும். பையன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் அண்டாவுக்குப் பக்கத்தில் குனிந்தபடி நின்றான். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. கிண்டிக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்து, ‘திங்கிற சாமானைக் கேட்டுக்கிட்டு நிக்கிறாரே தம்பி? ஒரு துண்டு வாயில போடச் சொல்லுங்க’ என்றார். போட்டான். பிறகு பூனையைத் தன் வாய்க்கு நேரே பிடித்துத் தான் மெல்வதையும் பதிவு செய்தான். பெரியவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ஒரு கிலோ 360 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கால் கிலோ சும்மாவே சேர்த்துக் கட்டினார்கள், விருந்தாளிகளுக்கு என்று.

காரில் அந்தப் பதிவை என் காதில் மாட்டினாள் அக்கா மகள். அண்டா என்று சொல்லாவிட்டால் யாரும் அண்டா என்று சொல்ல மாட்டார்கள். ஏதோ பெரிய மிருகம் சேற்றில் புரண்டு மூச்சுவிடுவது போல இருந்தது. ‘இதைப் பாதி வேகத்துல ஓட்டினா என்ன ஆகும்னு யோசிங்க மாமா’ என்றாள். யோசித்தேன். துதல் தின்னும் ஆசை போய்விட்டது.

இரவு மண்டபத்தில் தங்கல். அறை 1,300 ரூபாய். நகரை மீன் வறுவல் நன்றாக இருந்தது. மின்சாரம் இரண்டு முறை போனது. இரண்டு முறையும் ஜெனரேட்டர் என் ஜன்னலுக்குக் கீழேதான் உறுமியது. பேராசிரியர் அம்மா காலையில், அந்த உறுமல் எந்தச் சுருதியில் நின்றது என்று கேட்டார். தூங்காதவனிடம் சுருதி கேட்கிறார்.

ஜூலை 21, திங்கள்: பாம்பன்

விடியும் முன்பே பாம்பன் பாலத்தடி. படகுகள் கட்டிக் கிடக்கும் கரையில் மூன்று இடத்தில் மைக் வைத்தார்கள். புதுப் பாலம் இந்த ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தது. கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறிவிடும். பக்கத்திலேயே 1914இல் திறந்த பழைய பாலம் துருப்பிடித்து நின்றது. அதில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோயிற்று.

காத்திருக்கும்போது பேராசிரியர் அம்மா கதை சொன்னார். 1948இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷெஃபேர் என்ற பொறியாளர் பத்தின்யோல் ரயில் நிலையத்துக்குப் போய் ரயில் சத்தங்களைப் பதிவு செய்து வந்தார். விசில், நீராவி, சக்கரம். அவற்றைக் கோத்து ஒரு சிறிய இசையாக்கி அக்டோபர் 5ஆம் தேதி வானொலியில் ஒலிபரப்பினார். இந்தத் துறையே அங்கேதான் பிறந்தது என்கிறார்கள். அப்போது அவர் கையில் டேப் கிடையாது, எல்லாமே இசைத்தட்டு. தட்டில் ஒரு சுற்றுப் பள்ளத்தை அதற்குள்ளேயே மூடிவிட்டால் முள் அதிலேயே சுற்றும். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வரும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இசைத்தட்டில் கீறல் விழுந்து ஒரே வரி பத்து முறை பாடினால் கல்யாண வீட்டுக்காரர்கள் அப்பாவை என்ன பாடு படுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை முகூர்த்த நேரத்தில் அப்படி ஆகி, பேசிய வாடகையில் பாதியைத்தான் கொடுத்தார்கள். பாரிஸில் அதற்கு வரலாற்றில் இடம் கொடுத்திருக்கிறார்கள். இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது பேராசிரியர் அம்மா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ரயில் வந்தது. போனது. அவ்வளவுதான். சின்ன வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து பழைய பாலத்தைக் கடந்திருக்கிறேன். ரயில் ஊர்ந்து போகும். ஒவ்வொரு இரும்பும் தனித்தனியாகப் பேசும். ஜன்னலோரப் பாட்டிகள் கடலுக்குக் காசு போடுவார்கள். இப்போது ஒரே உருளலாக வந்து சட்டென்று முடிந்துவிட்டது. அதற்குள் மேலே ரோட்டுப் பாலத்தில் ரயிலைப் பார்க்க நிறுத்திய வண்டிகளின் ஹாரன் வேறு. பழைய பாலத்தின் சத்தத்தை யாராவது ஒழுங்காகப் பதிவு செய்திருக்கிறார்களா என்று பேராசிரியர் அம்மா கேட்டார். படம் எடுக்காத ஆள் கிடையாது என்றேன். அவர் கேட்டது அது இல்லை.

கனடாவில் வான்கூவர் பக்கம் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் மர்ரி ஷேஃபர் என்பவர் ஒரு குழுவைச் சேர்த்து, ஊரின் சத்தங்களை அவை மறைவதற்குள் பதிவு செய்யத் தொடங்கினாராம். மூடுபனிக் காலத்தில் கப்பலுக்கு ஊதும் சங்கு முதற்கொண்டு பதிவு செய்து 1973இல் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். பாரிஸ்காரர் வேறு, இவர் வேறு என்பது எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆயிற்று. ஒரே துறையில் இரண்டு ஷேஃபர் வைத்தால் மைக் செட்காரன் மகன் என்ன செய்வான்?

சாயங்காலம் ஒரு தொல்லை. தண்ணீருக்கு அடியில் கேட்கும் மைக்கை, ஹைட்ரோபோன் என்கிறார்கள், கயிறு மாதிரிக் கடலில் இறக்கிக்கொண்டிருந்தோம். சீருடையில் ஒருவர் வந்தார். இலங்கை கூப்பிடு தூரம், எல்லைக் கடல்; சந்தேகம் வருவது நியாயம்தான். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பூனையைப் பிடித்துப் பார்த்தார், பிறகு தானும் கேட்க வேண்டும் என்று ஹெட்போனை வாங்கி மாட்டினார். ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முகம் குழந்தை முகமாகிவிட்டது. சரி, விட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஹெட்போனைக் கழற்றி, ‘நல்லாத்தான் இருக்கு. ஆனா தண்ணிக்குள்ள வயர் விடக்கூடாது’ என்றார். மேலிடத்தில் கேட்டு முடிக்க இரண்டு மணி நேரம். பொழுது போய்விட்டது. எதிர்க் கடையில் டீ 15 ரூபாய், கடலை மாவு பஜ்ஜி 10. கடைக்குள் பாம்பன் மீனவர்களுக்கென்றே நடக்கும் கடல் ஓசை 90.4 ஓடிக்கொண்டிருந்தது. பையன் அதைத்தான் அன்றைக்குக் கடைசியாகப் பதிவு செய்தான்.

ஜூலை 22, செவ்வாய்: அரிச்சல்முனை

ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள். அம்மியைப் பற்றி எனக்குத் தெரியாது. மைக் ஸ்டாண்டு பறந்தது.

தனுஷ்கோடி ரோட்டில் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா. இங்கே ஆண்கடல், பெண்கடல் என்று சொல்வார்கள். ஆடியில் மன்னார்ப் பக்கம் ஆண்கடல் பொங்கிக்கொண்டு நிற்கும். நடந்து ரோட்டைத் தாண்டினால் பெண்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். இரண்டையும் இரண்டு காதுக்குத் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது அக்கா மகளின் திட்டம். மான்ட்ரியலில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துப் போட்ட திட்டம். வரைபடத்தில் காற்று இல்லை.

பூனைக்கு மேல் இன்னொரு உறை, அதற்கு மேல் என் துண்டு, எதுவும் நிற்கவில்லை. ஹெட்போனில் கடல் இல்லை, புடபுடவென்று யாரோ பாய் உதறுவது போல ஒரே இடி. மணல் ஊசியாக வந்து குத்தியது. பையனின் வெள்ளைத் தோல் பத்து மணிக்கே நண்டு நிறம். பதிவுப் பெட்டியின் ஒரு குமிழுக்குள் மணல் போய் அது திருகும்போதெல்லாம் நறநறவென்றது. அக்கா மகள் இடிந்த தேவாலயச் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று தண்ணீர் பாட்டிலோடு போனேன். ‘மூணு வருஷமா யோசிச்சது மாமா’ என்றாள். 1964 டிசம்பரில் ஒரே இரவில் ஊரையும் ரயிலையும் புயல் கொண்டுபோன இடம் அது. சுற்றிலும் சங்கும் பாசிமணியும் விற்கிறார்கள். அந்த இடத்தில் நின்று என்ன ஆறுதல் சொல்வது?

பேராசிரியர் அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. மீன் வறுக்கும் கடை ஒன்றின் தகரத் தடுப்பைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து எட்டணா அளவில் வட்டமான ஒன்றை எடுத்து அந்தத் தகரத்தில் ஒட்டினார். அது காற்றில் வரும் சத்தத்தைப் பிடிக்காதாம். ஒட்டிய பொருளின் அதிர்வை மட்டும் பிடிக்குமாம். மைக்கில் விழும் காற்று குப்பை. காற்று தொடும் பொருளைக் கேட்டால் காற்றே பாடும், இது அவர் சொன்ன கணக்கு.

கேட்டேன். உண்மைதான். தகரம் தாழ்ந்த குரலில் முனகியது. காற்று ஏறும்போது முனகல் பிளந்து இரண்டாகி, மேலே மெல்லிசாக ஒரு விசில். நடுநடுவே சட்டுவம் கல்லில் உரசுவது எங்கிருந்தோ குகைக்குள் வாள் உருவுவது போல வந்தது. அடுத்து ஒரு வேலிக் கம்பியில் ஒட்டினார். அது வேறு ராகம். ராகம் என்று நான்தான் சொல்கிறேன், அவர் சொல்லவில்லை. அக்கா மகள் மெல்ல எழுந்து வந்தாள்.

கடைக்காரரிடம் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. காற்றைப் பதிவு செய்கிறோம் அண்ணே என்றேன். ‘புடிச்சுக்கிட்டே போங்க. ஆடி முடியிற வரைக்கும் திருப்பிக் கொண்டாராதீங்க’ என்றார் எண்ணெயைப் பார்த்தபடியே. வறுத்த பாறை மீன் ஒரு தட்டு 200. மணலும் சேர்ந்துதான் மென்றோம். பிறகு அவர் மனைவி, கடலுக்குச் சில அடி தள்ளி மணலைத் தோண்டி வைத்திருந்த ஊற்றிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். உப்பே இல்லை. பேராசிரியர் அம்மா நம்பாமல் இரண்டாவது சொம்பும் வாங்கிக் குடித்தார். எல்லோரும் கிளம்ப வேண்டும் என்று விரட்டும் வரை அந்த ஊற்றில் தண்ணீர் ஊறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மண்டியிட்டுக் கிடந்தார்கள் மூவரும்.

ஜூலை 23, புதன்: சின்னப்பாலம்

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி, பாறையில் வளரும் கடல்பாசியைப் பிய்த்து வருவார்கள். ஐஸ்கிரீமிலும் மருந்திலும் சேர்க்கிறார்களே, அந்தப் பாசி. எதிரே தெரியும் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. நாங்கள் கரையோடு நின்றுகொண்டோம்.

காலையில் காற்று கொஞ்சம் இரக்கப்பட்டது. அனுமதிச் சீட்டோடு ஹைட்ரோபோனை இறக்கினோம். ஹெட்போனை வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடலுக்கு அடியில் அமைதி இருக்கும் என்று யார் சொன்னது? ஒரே படபடப்பு, ஓலைப் பாயில் மழை விழுவது போல. விரல் நீளம்கூட வராத சின்ன இறால் வகை ஒன்று, அதன் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும், அதை அத்தனை வேகத்தில் சொடுக்குகிறதாம். வேகத்தில் தண்ணீருக்குள் ஒரு குமிழி உண்டாகி உடைகிறது; வெடிப்பது அந்தக் குமிழிதான், கொடுக்கு இல்லை என்று 2000இல்தான் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிக் காது வைத்தவர்களுக்கு இந்த இறால்கள் பெரிய தலைவலியாம்.

கரைக்கு வந்த ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், ஈரச் சேலையோடு நின்று எங்களையே பார்த்தார். கேட்கிறீர்களா என்று ஹெட்போனைக் கொடுத்தேன். முடியைப் பிழிந்துவிட்டு மாட்டிக்கொண்டார். பத்து விநாடிகூட இல்லை, கழற்றிக் கொடுத்துவிட்டார்.

‘இதுக்கா இம்புட்டு வயரு? முங்குனா நெதமும் கேக்குறதுதானே. எண்ணெய்ச் சட்டியில கடுகு பொரியிற மாதிரி.’

எங்கிருந்து வருகிறது என்று தெரியுமா என்று அக்கா மகள் கேட்டாள்.

‘எந்தப் பக்கம்னு சொல்ல முடியாது ஆத்தா. தலைக்குள்ளயே கேக்கும். ஆனா செத்த பாறைப் பக்கம் போனா அடங்கிப் போயிரும். அங்க பாசியும் இருக்காது, மீனும் இருக்காது. வீணா முங்காம திரும்பிருவோம்.’

இதை மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவன் பேராசிரியர் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது, காற்றில் ஓடுவதைப் போல நாலு மடங்குக்கும் மேல். அதனால் நம் இரண்டு காதுக்கும் திசை பிடிபடாது, தலைக்குள் கேட்பது போலத்தான் இருக்கும். செத்த பவளப்பாறை ஊமையாகிவிடுகிறது என்று கடல் ஆராய்ச்சிக்காரர்களும் சொல்கிறார்கள். அந்த அம்மா எல்லாவற்றையும் சேலையைப் பிழிந்துகொண்டே சொல்லி முடித்துவிட்டார். பையன் இன்னும் கேட்க வேண்டும் என்றான். ‘பாசி காயப்போடணும்’ என்று போய்விட்டார். அன்று அவர் எடுத்த பாசி ஒரு மூட்டைகூட இல்லை.

1989இல் வான்கூவர் கடற்கரை ஒன்றில் ஹில்டெகார்ட் வெஸ்டர்காம்ப் என்ற இசையமைப்பாளர் இதே மாதிரி உட்கார்ந்து, பாறையில் ஒட்டியிருக்கும் ஓடுள்ள சின்ன உயிர்களின் கிளிக் சத்தத்தைப் பதிவு செய்தார். பின்னால் நகரம் உறுமுகிறது. ஸ்டுடியோவில் அந்த உறுமலை வடிகட்டி எடுத்துவிட்டு, எடுத்துவிட்டேன் என்று அந்த இசைக்குள்ளேயே தன் குரலில் சொல்லவும் செய்கிறார். பையன் போனில் போட்டுக் காட்டினான். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. கூடவே, எங்கள் பதிவில் வடிகட்ட வேண்டிய பட்டியலையும் நினைத்துப் பார்த்தேன்: ஜெனரேட்டர், ஹாரன், ஐஸ் உடைக்கும் மெஷின், அப்புறம் என் இருமல்.

இரவில் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு சின்ன ஒலிபெருக்கியில் நாலு நாள் பதிவைப் போட்டுக் கேட்டோம். இவர்கள் ஸ்டுடியோவில் கச்சேரியும் இப்படித்தானாம். மேடையில் ஆள் இல்லை, இருட்டு, சுற்றிலும் ஒலிபெருக்கிகள். இசையமைத்தவர் நடுவில் உட்கார்ந்து, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுக்கட்டைகளை ஏற்றி இறக்கிச் சத்தத்தை அறைக்குள் நடக்கவிடுவார். 1974இல் பாரிஸில் பிரான்சுவா பெய்ல் என்ற இசையமைப்பாளர் ஒலிபெருக்கிகளையே வாத்தியக்காரர்கள் மாதிரி மேடையில் நிறுத்தி, அந்தக் கூட்டத்துக்கு அகூஸ்மோனியம் என்று பேர் வைத்தார். சத்தம் வரும் இடத்தைக் காட்டாமல் கேட்கவைப்பது பிதாகரஸ் திரைக்குப் பின்னால் நின்று பாடம் சொன்ன கதையிலிருந்து வந்ததாம். எனக்குப் பிதாகரஸ் எதற்கு? கோயில் பொங்கலுக்கு அப்பா கதைவசன ரெக்கார்டு போட்டால், ஊர்க் கிழவிகள் புளியமரத்துக் குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்துவார்கள். யார் முகத்தைப் பார்த்து அழுதார்கள்?

இந்தியாவிலும் இது ஒன்றும் புதிது இல்லை. 1969இலேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் வந்து, மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் மூக் சிந்தசைசரை வைத்து ஒரு மின்னிசை ஸ்டுடியோ தொடங்கினார். கீதா சாராபாய் போன்றவர்கள் அதில் வேலை செய்தார்கள். சில வருடங்களில் முடங்கிவிட்டது. அந்த டேப்புகள் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்து, அண்மையில்தான் வெளியே வந்தன. 1969இல் அப்பா தன் முதல் ஆம்ப்ளிபையரைத் தவணையில் வாங்கியிருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன்: பாதிக்கு மேல் எனக்குக் கொட்டாவி வந்தது. தகரமும் துதலும் சேர்ந்து ஓடிய ஒரு துண்டு மட்டும் தூக்கத்தைக் கலைத்தது.

கதவைத் தட்டி வந்தவர் இரவுக் காவல்காரர். இருட்டில் என்ன சத்தம் என்று பார்க்க வந்தாராம். அவருடைய அம்மா மட்டக்களப்பு. இறால் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ‘எங்கட ஊருல பாடுமீன் எண்டு சொல்லுவாங்க. கல்லடிப் பாலத்தடியில ராவைக்குத் தோணியில போய், துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற முனையைக் காதில வைச்சுக் கேக்கிறது. அம்மா சொல்லுவா’ என்றார். தான் கேட்டதில்லையாம். பேராசிரியர் அம்மா நாற்காலியை அவரிடம் தள்ளினார். அவர் உட்காராமல் நின்றபடியே முழுவதையும் கேட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 24, வியாழன்: ராமேஸ்வரம்

ஆடி அமாவாசை. ராமேஸ்வரத்தில் முந்தின வாரம் 1,200 சொன்ன அறைக்கு 4,000 கேட்டதால் மண்டபத்திலேயே இருந்து அதிகாலையில் போனோம். பாதி வழியிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள். நடை. அக்னி தீர்த்தக் கரையில் தலைக்கு மேல் தலை. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பவர்கள், எள்ளும் பச்சரிசி மாவும் பிடித்த கைகள், நனைந்த வேட்டிகள், அகத்திக்கீரைக் கட்டைத் தேடி மாடுகள். இட்லி நாலு 60 ரூபாய். சட்னியில் உப்பில்லை, கேட்க ஆளும் இல்லை.

சின்னச் சத்தம் தேடி வந்தவர்கள் இதைப் பார்த்ததும் மூட்டை கட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். காரணம், கரை நெடுகக் கூம்புக் குழாய். ‘சிவகாசியிலிருந்து வந்திருக்கும்…’, ‘பச்சைச் சேலை கட்டிய…’ என்று காணாமல் போனவர்கள் அறிவிப்பு நிற்கவே இல்லை. பேராசிரியர் அம்மாவோ நடப்பதை நிறுத்திவிட்டார். ஒரே குரல் பக்கத்துக் குழாயில் முதலில், அடுத்த குழாயில் சற்றுத் தள்ளி, அதற்கடுத்ததில் இன்னும் தள்ளி என்று ஒன்றன் வாலை ஒன்று பிடித்து வருகிறது. இந்த விளைவுக்கு ஸ்டுடியோவில் டேப்பை எவ்வளவு தூரம் இழுக்க வேண்டியிருந்தது தெரியுமா என்றார்.

இது என் வித்தை. குழாய்க்கு நூறு மீட்டர் இடைவெளி வைத்தால் ஒலி வந்து சேர ஏறக்குறைய ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கு ஆகும். அப்பா இதைத் தவிர்க்கத்தான் குழாய்களை முதுகுக்கு முதுகு திருப்பிக் கட்டுவார். எதிரெதிரே கட்டினால் பேச்சு குழம்பிவிடும். இங்கே குழம்ப வேண்டும் என்கிறார்கள். சரி, எந்த இடத்தில் மூன்று குழாயும் சம பலத்தில் கேட்கும் என்று நடந்து பார்த்து, ஒரு டீக்கடைத் தூணருகே அவர்களை நிறுத்தினேன். ஐந்து நாளில் நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான்.

அரை மணி கழித்துத் திரும்பிப் பார்த்தால் பையனைக் காணோம். போன் எடுக்கவில்லை. அத்தனை உயரம், கூட்டத்தில் எளிதாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை. அக்கா மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. தண்ணீர்ப் பக்கம் இரண்டு முறை ஓடிப் பார்த்தேன். கடைசியில் அறிவிப்புக் கூடாரத்துக்கே போனேன். மைக்கில் இருந்தவர் பெயர் கேட்டார். சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, ‘அது வேணாம் சார், அடையாளம் சொல்லுங்க’ என்றார்.

‘கனடா நாட்டிலிருந்து வந்திருக்கும், நீலச் சட்டை அணிந்த, மிகவும் உயரமான, கையில் பூனைக்குட்டி போன்ற மைக் வைத்திருக்கும் தம்பி எங்கிருந்தாலும் உடனடியாக அறிவிப்புக் கூடாரத்துக்கு வரவும். உங்கள் மாமா இங்கே கண் கலங்கிக் காத்திருக்கிறார்.’

கண் கலங்கி என்பது அவர் சொந்தச் சரக்கு. நாலு முறை சொன்னார். யாரும் வரவில்லை. ஐந்தாவது முறை சொல்லும்போது அக்கா மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். கூடாரத்துக்குப் பின்புறம், இருபதடி தூரத்தில், குழாய் கட்டிய கம்பத்தடியில் பையன் நிற்கிறான். பூனையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறான். கண் மூடியிருக்கிறது. கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்ததும், அசையக்கூடாது என்று ஒரு கையை மட்டும் எடுத்து விரலை உதட்டில் வைத்தான்.

அறிவிப்பு முடியும் வரை பொறுத்து, பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினான். பதினோரு நிமிடம் சுத்தமாகக் கிடைத்திருக்கிறது என்றான். இதுவரை கேட்டதிலேயே அழகான மந்திரம் இதுதான், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிறது, நடுவில் ‘மாமா’ என்று ஒரு சொல் வருகிறதே, அது என்ன சாமி என்று கேட்டான். அக்கா மகளுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. மொழிபெயர்க்க அவளால் முடியவில்லை, நான்தான் சொன்னேன். பையன் காது வரை சிவந்தான். கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் குரலை இசையில் பயன்படுத்த அவரிடம் அனுமதி வாங்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டான். அவர்கள் ஸ்டுடியோவில் அப்படி ஒரு முறை இருக்கிறதாம்.

திரும்பப் போய்க் கேட்டேன். அதற்குள் அவர் முன்னால் அழுதுகொண்டு ஒரு பாட்டி, இரண்டு சின்னப் பிள்ளைகள், யாரோ விட்டுப்போன ஒரு பித்தளைச் சொம்பு. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, ‘எடுத்துக்கங்க சார், எடுத்துக்கங்க. மொதல்ல அந்தப் பையன் கையைப் புடிச்சுக்கங்க’ என்றார்.